செவிலி மரமும் அறுகம்புல்லும்: ஒரு பாலைத் தோட்டத்தின் வரலாறு

அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் எங்கள் அக்காவின் மகள் குடியிருக்கிறாள். கோடை விடுமுறையில் கணவனும் மனைவியுமாக நாங்கள் அங்குச் சென்று ஐந்து வாரங்கள் தங்கியிருந்தோம். பேரனைப் பார்த்துக்கொள்ள அக்கா எங்களுக்கு முன்பே போயிருந்தார். சென்ற அன்றே வாசலைக் காட்டி அவர் சொன்ன வாசகம் இது: "பாத்தியாடா தம்பி, கோலம் போட இடமில்ல, துளசி வைக்க மண்ணில்ல. ஜல்லியைக் கொட்டி வச்சிருக்கா. வீடு இடிச்ச எடம் மாதிரி இருக்கு."

முன்வாசலில் பழுப்புச் சரளை பரப்பியிருந்தது. அதனிடையே பச்சைத் தண்டுடைய மரம் ஒன்றும், கற்றாழை போன்ற அகேவ் செடிகள் நான்கும், பிரம்புக் கட்டை நட்டுவைத்தாற்போன்ற ஓகோட்டியோ ஒன்றும் நின்றன. "இங்க இதுதாம்மா தோட்டம்" என்றாள் மகள். பின்புறத்தில் முந்தைய உரிமையாளர் வளர்த்த புல்தரை பாதி காய்ந்து கிடந்தது. அதையும் அகற்றி, அதிகப் பராமரிப்பு வேண்டாத பாலைத் தோட்டம் ஒன்றை அமைக்க அவள் திட்டமிட்டிருந்தாள். அக்காவுக்கு அதில் உடன்பாடில்லை. இருந்த பச்சையையும் ஏன் அழிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அவ்வழக்கில் மத்தியஸ்தம் செய்யப் போய், ஊர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம். அப்படிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

* * *

அக்காவின் பார்வை அவருடையது மட்டுமன்று. நம் மரபின் பார்வையும் ஏறக்குறைய அதுவே. தொல்காப்பியர் நால்வகை நிலங்களுக்கும் தெய்வம் சொல்லிச் செல்லும்போது பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. மழை பொய்த்து, வெயில் முதிர்ந்து, முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டு அடையும் வடிவே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். ஆக, நமக்குப் பாலை என்பது ஒன்று இல்லாமற்போன நிலை. மழை வந்தால் அது மீண்டும் முல்லையாகிவிடும். பிரிவுக்கு உரிய நிலமாக அது அமைந்ததும் பொருத்தமே.

டூசானைச் சூழ்ந்துள்ள சொனோரா பாலைவனம் அத்தகையதன்று. அது கெட்டுப்போன முல்லை நிலமில்லை. தனக்கென முறைமை உடைய நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். அதுவும் குளிர்காலத்தில் ஒரு முறை, கோடையின் பிற்பகுதியில் பருவமழையாக ஒரு முறை என இரு தவணைகளில் பெய்கிறது. இந்த இரட்டை மழையால் வளர்ந்த செடி வகைகளோ மிகப்பல. அவற்றின் தலைமைப் பயிர் சவாரோ என்னும் நெடுங்கள்ளி. நாற்பது அடிக்கு மேலும் உயரக்கூடிய இது, காட்டில் தன் முதல் எட்டு ஆண்டுகளில் ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலமே வளரும். முதல் கிளை விட ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகலாம். சில இடங்களில் நூறாண்டுகூட ஆகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

இந்நிலத்தின் பழங்குடியினர் தம்மைத் 'தோஹோனோ ஓதாம்' என அழைத்துக்கொள்கின்றனர். 'பாலை மக்கள்' என்பது அதன் பொருள். ஜூன் மாதத்தில் சவாரோவின் பழம் பழுக்கும். உலர்ந்த சவாரோவின் விலா எலும்பு போன்ற கழிகளையே துறட்டியாகக் கட்டி அப்பழத்தைப் பறிப்பர். அதன் சாற்றைப் புளிக்கவைத்து மழையை வரவேற்கும் சடங்கு நடத்துவர். அவர்களுடைய புத்தாண்டும் அதை ஒட்டியே பிறக்கிறது. மழை பெய்தால் வறண்ட ஓடைகளில் வெள்ளம் வரும். அவ்வோடைகள் வாய் அகன்று சமவெளியில் விரியும் இடமறிந்து விதைத்து, குறுகிய நாளில் விளையும் பயறு வகைகளை அறுத்தனர். நீரை நிலத்துக்குக் கொண்டுவருவதைவிட, நீர் வரும் இடத்துக்குப் பயிரைக் கொண்டுசெல்வது அவர்கள் வழி எனலாம்.

வடக்கே இன்று பீனிக்ஸ் நகரம் உள்ள சால்ட் ஆற்றுப் படுகையில், ஹோஹோகாம் என்று தொல்லியலார் பெயரிட்ட மக்கள், ஏறத்தாழ கி.பி. 450 முதல் 1450 வரை நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்தனர். பின்னர் அக்குடியிருப்புகள் கைவிடப்பட்டன. 1867-இல் ஜாக் ஸ்விலிங் என்பவர் அப்பழைய வாய்க்கால்களின் தடங்களைக் கண்டு, நீர்ப்பாசன நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அழிந்த நாகரிகத்தின் சாம்பலிலிருந்து புதிய நகரம் எழும் என்று கருதி, டாரல் டுப்பா என்பவர் அவ்வூருக்குப் பீனிக்ஸ் பறவையின் பெயரை முன்மொழிந்தார். பெயர் நிலைத்தது, ஆனால் பழையவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வியைப் புதியவர்கள் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை.

* * *

வந்தவர்கள் பெரும்பாலும் மழை வளம் மிக்க கிழக்கு மாநிலத்தவர். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் தோட்டத்தையும் உடன் கொண்டுவந்தனர். இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்களின் மாளிகை முன் விரிந்த புல்வெளியே அவர்களுடைய கனவு. 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டறிந்த பின், அக்கனவு நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது. சாரல் மழை ஓயாத நாட்டில் தானே வளரும் புல், பாலையில் குழாய் நீரால் வளர்க்கப்பட்டது.

நீருக்குக் குறைவில்லை என்ற நம்பிக்கையை அணைகள் அளித்தன. சால்ட் ஆற்றின்மீது கட்டப்பட்ட ரூஸ்வெல்ட் அணை 1911-இல் திறக்கப்பட்டது. 1922-இல் கொலராடோ ஆற்று நீரைப் பங்கிடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்படுகை மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகை மாநிலங்களுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர் அடி. ஏறத்தாழ 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தனியே ஒதுக்கப்பட்டது. கணக்கு தாளில் சரியாகவே இருந்தது. ஆனால் ஒப்பந்தத்துக்கு அடிப்படையாகக் கொண்ட ஆண்டுகள் வழக்கத்தைவிட மழை மிகுந்தவை. ஆற்றில் சராசரியாக ஓடுவதைவிட அதிக நீரை அவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். காவிரிக் கரையில் வளர்ந்த நமக்கு இவ்வகைக் கணக்கு புதிதன்று. அப்பிழையின் விளைவாகவும் நீண்ட வறட்சியாலும், 2021 ஆகஸ்டில் அவ்வாற்றில் முதன்முறையாக அதிகாரபூர்வமான பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் பாலை நகரங்கள் பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டன. அங்கே பரவலாக வளர்க்கப்படும் புல்லுக்குப் 'பெர்முடா புல்' என்று பெயர். பின்கட்டில் அதைக் கிள்ளிப் பார்த்த அக்கா, "இது நம்ம அறுகம்புல்லுடா" என்றார். எங்களுக்கு நம்பிக்கையில்லை. தாவரவியற் பெயரைத் தேடிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரி. இரண்டும் ஒரே இனம். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகுதான் அமெரிக்கப் பாலையில் ஆடம்பரத் தரையாகிக் கிடக்கிறது. கோடையில் அறுகு வளரும். குளிர்காலத்தில் அது பழுத்துவிடும் என்பதால் அதன்மேல் வேறொரு புல்லை விதைத்து ஆண்டு முழுதும் பச்சை காட்டுவாரும் உண்டு. நீருக்குச் செலவழிக்க மனமில்லாத சிலர் சரளைக்கற்களுக்குப் பச்சை வண்ணம் பூசிப் பரப்பிய காலமும் ஒன்று இருந்தது. பாலையைப் பார்க்கக் கண் கூசியவர்கள் கல்லுக்கும் பச்சை அடித்தார்கள் என்பது நகைப்புக்கு மட்டும் உரியதன்று.

இன்னொரு முரணும் உண்டு. உலர்ந்த தூய காற்றுக்காக ஆஸ்துமா நோயாளிகளும் காசநோயாளிகளும் அரிசோனாவுக்குக் குடிவந்தனர். வந்தவர்கள் நிழலுக்காக முசுக்கொட்டையும் ஆலிவ் மரமும் அறுகும் நட்டனர். அவற்றின் மகரந்தம் காற்றில் நிறைந்தது. தும்மலும் மூச்சிரைப்பும் திரும்பி வந்தன. 1980-களில் டூசான் அமைந்துள்ள பீமா மாவட்டத்தில் அம்மரங்களின் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

* * *

மாற்றுப் பார்வை ஒன்று உடன் வளர்ந்துகொண்டே இருந்தது. 1907-இல் கலிபோர்னியாவின் சான் மரினோவில், ரயில்வே தொழிலதிபர் ஹென்றி ஹண்டிங்டனின் தோட்டத்தில், வேறெதுவும் பிழைக்காத ஒரு சரிவில் கள்ளிகளை நடலாம் என்று கண்காணிப்பாளர் வில்லியம் ஹெர்ட்ரிக் யோசனை கூறினார். தண்டவாளம் போடும் பணியில் சப்பாத்திக்கள்ளி முள்ளால் பட்ட பாட்டை மறக்காத ஹண்டிங்டன் முதலில் இசையவில்லை. பின்னர் இசைந்தார். இன்று அது ஏறத்தாழ பத்து ஏக்கரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட புகழ்மிக்க பாலைத் தோட்டமாக விளங்குகிறது. பீனிக்ஸில் குஸ்டாஃப் ஸ்டார்க் என்பவர், பாலையைக் காப்போம் என்று எழுதி, தம் வீட்டை நோக்கி அம்புக்குறி இட்ட பலகை ஒன்றை நட்டார். அதன் வழியே சேர்ந்த ஆர்வலர்களும் கெர்ட்ரூட் வெப்ஸ்டர் என்ற அம்மையாரும் முயன்று, 1939-இல் பாலைத் தாவரவியல் பூங்காவை நிறுவினர்.

வீட்டுத் தோட்டம் என்ற அளவில் ரூத் பேங்க்ராஃப்ட் அம்மையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடக்குக் கலிபோர்னியாவின் வால்நட் கிரீக்கில், குடும்பத்து அக்ரூட் தோப்பு வெட்டப்பட்ட நிலத்தில், தம் அறுபதுகளில், 1972-இல் வறண்ட தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் வந்த கடும் உறைபனியில் செடிகளில் பெரும்பகுதி மடிந்தது. அவர் மனந்தளராமல் மறுபடி நட்டார். தனியார் தோட்டங்களைக் காக்க அமெரிக்காவில் 1989-இல் ஓர் அமைப்பு தோன்றவும் அத்தோட்டமே காரணமாயிற்று. 2017-இல் 109-ஆம் வயதில் அவர் காலமானார். அறுபதுக்கு மேல் தொடங்கிய தோட்டத்துடன் அவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

பொதுமக்களின் மனமாற்றத்துக்குக் கலையைவிடக் கட்டணமே காரணமாயிற்று. 1976-இல் டூசான் நகரமன்றம் நீர்க் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியது. மேட்டில் வசிப்போருக்கு நீரேற்றும் செலவும் தனியே சேர்ந்தது. மக்கள் சினந்து, உயர்வை ஆதரித்த உறுப்பினர்களை 1977-இல் திரும்ப அழைக்கும் தேர்தல் மூலம் பதவியிழக்கச் செய்தனர். புதிதாக வந்தவர்களோ கட்டணத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக இயலவில்லை. நிலத்தடி நீரை மட்டுமே நம்பிய ஊருக்கு வேறு வழியில்லை. அவ்வாண்டே கோடை உச்ச நேர நீர்ப் பயன்பாட்டைக் குறைக்கும் பரப்புரை தொடங்கப்பட்டது. அதன் சின்னம் ஒரு வாத்து. மக்கள் புல்லைக் கைவிட்டுச் சரளைக்கும் கள்ளிக்கும் மாறத் தொடங்கினர். பதவியிழந்தவர்களின் கொள்கை, அவர்களை நீக்கியவர்களாலேயே நிறைவேறியது.

1981-இல் கொலராடோவின் டென்வர் நகர நீர் வழங்கல் அமைப்பு, வறட்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை முன்னொட்டாக்கி 'ஜெரிஸ்கேப்' என்ற புதுச்சொல்லை உருவாக்கியது. திட்டமிடல், மண் அறிதல், இடத்துக்கேற்ற செடி, அளவான புல், சிக்கனப் பாசனம், மூடாக்கு, உரிய பராமரிப்பு என்ற ஏழு நெறிகளை அது வகுத்தது. அதைக் காதில் 'ஜீரோஸ்கேப்' என்று வாங்கிக்கொண்டவர்கள், தோட்டமே இல்லாமல் கல்லை மட்டும் கொட்டி வைத்தார்கள். நெவாடா மாநிலமோ 2021-இல் சட்டமே இயற்றியது. லாஸ் வேகஸ் பகுதியில் சாலை நடுத்திட்டு, அலுவலக முகப்பு முதலிய இடங்களில் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு, 2026-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அச்சட்டம். தனி வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டு.

* * *

இனி, மகளின் பின்கட்டுக்கு வருவோம். அவள் ஒரு தாளில் வீட்டை வரைந்து மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருந்தாள். வீட்டை ஒட்டியது 'சோலை'. நீர் அதிகம் வேண்டும் செடிகள் அங்கு மட்டும், அதுவும் சிறிதளவே. அதை அடுத்தது இடைநிலம். வேலியை ஒட்டியது முழுப் பாலை; வேர் பிடித்தபின் மழையே போதும் என்ற செடிகளுக்கு உரியது. ஒரே அளவு நீர் வேண்டுவனவற்றை ஒரே இடத்தில் சேர்த்தல் என்பதே இதன் அடிப்படை. நம் முன்னோர் நிலத்தைத் திணையாகப் பகுத்ததுபோல அவள் பின்கட்டைப் பகுத்திருந்தாள்.

முதல் வேலை அறுகை ஒழித்தல். மண்ணில் ஒரு துண்டு வேர் தங்கினாலும் தழைத்துவிடும். தோண்டி அகற்றியபின் எஞ்சியதன்மேல் கண்ணாடி போன்ற நெகிழித்தாளை விரித்து, கோடை வெயிலாலேயே வேகவைக்க ஏற்பாடாயிற்று. அதற்கு முன் அக்கா ஒரு கை அறுகு பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தார். தாள் விரிக்காத வேலியோரத்தில்தான் எங்கள் நடவு.

இரண்டாவது, நீர் ஓடும் வழி அறிதல். கூரையிலிருந்து விழும் மழைநீர் முன்பு தெருவுக்கு ஓடியது. அதைத் திருப்பி, மரம் வரவேண்டிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்கும் குறைவான பள்ளமாக வெட்டி, எடுத்த மண்ணைப் பக்கத்தில் மேடாக்கினோம். பள்ளத்தில் மரம், மேட்டில் கள்ளி. டூசானில் இம்முறையைப் பரப்பியவர் பிராட் லங்காஸ்டர். 1990-களில் தம் தெருவோரக் கல்லை வெட்டி, சாலையில் ஓடும் மழைநீரை மரங்களுக்குத் திருப்பினார். அப்போது அது சட்டத்துக்குப் புறம்பு. பின்னர் நகரமே அதை ஏற்றது. அவருக்கு வழிகாட்டியவர் ஜிம்பாப்வேயின் வறண்ட பகுதியில் மழையை 'நட்டு' வேளாண்மை செய்த செஃபானியா பிரி என்ற உழவர். செடியை நடுவதற்கு முன் மழையை நடு என்பது அவர்கள் பாடம். ஏரியும் ஊருணியும் வெட்டிய மரபில் வந்த நமக்கு இது அயலார் சொல்லாகவே தோன்றவில்லை.

மூன்றாவது, மண். ஓரடிக்குக் கீழே கடப்பாரை தெறித்தது. சுண்ணாம்பு இறுகிச் சிமிட்டிபோல் ஆன அடுக்கு. அவர்கள் 'கலீச்சி' என்பார்கள், நம் உழவர்கள் சுக்கான் பாறை என்பார்கள். குழியில் நீர் நிரப்பி மறுநாள் பார்த்தோம். ஓரிடத்தில் வடிந்திருந்தது; ஓரிடத்தில் அப்படியே நின்றது. வடியாத குழியை மூடிவிட்டு இடம் மாற்றினோம். குழி வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலம் வேண்டும். ஆழம் அதன் அளவே போதும். அந்த மண்ணுக்கே உரிய செடிகளுக்கு எருவிட்டுக் கொழுக்கவைக்கக் கூடாது என்பதும் கற்றோம்.

மேற்கு வெயில் சுவரைச் சுடும் இடத்துக்குப் பாலோ வெர்டே மரம். 'பச்சைக் கோல்' என்பது அப்பெயரின் பொருள். வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையாலேயே உணவு சமைத்துக்கொள்ளும். இத்தகைய மரநிழலில்தான் சவாரோவின் குஞ்சுகள் வெயிலுக்கும் பனிக்கும் தப்பிப் பிழைக்கின்றன. ஆங்கிலத்தில் அதைத் தாதி மரம் என்ற பொருளில் வழங்குகின்றனர். தமிழில் செவிலி மரம் எனலாம். பாலைத் திணையில் மகளைப் பிரிந்து வருந்தும் செவிலியை அறிந்த நமக்கு, அமெரிக்கப் பாலையிலும் ஒரு செவிலி நிற்பது வியப்பாக இருந்தது. வளர்ந்த சவாரோ நீரை ஈர்த்துக்கொள்ள, செவிலி மரம் முன்னதாகவே பட்டுப்போவதும் உண்டாம்.

அங்காடியில் சான்றுடன் விற்கும் ஒரு சாண் உயரச் சவாரோவை அம்மரத்தடியில் வைத்தோம். கள்ளி நடுவதில் இரண்டு நுட்பங்கள். தொட்டியில் தெற்கு நோக்கியிருந்த பக்கம் மண்ணிலும் தெற்கு நோக்க வேண்டும். இல்லையேல் பழகாத தோல் வெந்துவிடும். வேர்க்காயம் உலரும்வரை உடனே நீர் விடக் கூடாது. மேட்டில் பீப்பாய்க் கள்ளிகள் இரண்டு, அகேவ் மூன்று, இடைநிலத்தில் மஞ்சள் பூக்கும் பாலைச் செவந்தி வகைகள், வேலியோரம் கிரியோசோட் புதர். மேலே இரண்டங்குலம் சரளை. சரளையின் அடியில் நெகிழித்தாள் நிரந்தரமாக விரிக்கும் வழக்கம் தவறு. மழையும் காற்றும் மண்ணைத் தொடாமல் செய்துவிடும்.

பராமரிப்பே வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. மரங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் சொட்டுநீர் வேண்டும். நாள்தோறும் சிறிது என்பதைவிட எப்போதாவது ஆழமாக என்பதே முறை. மழைக்குப் பின் சரளையில் முளைக்கும் களையைப் பறித்தாக வேண்டும். மிஞ்சுவது உழைப்பில் பாதியும், நீரில் பெரும்பகுதியும்.

எங்களுக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. இரண்டு பீப்பாய்க் கள்ளிகளில் ஒன்று நான்காம் வாரம் அடியில் மஞ்சளித்து, தொட்டதும் சரிந்தது. விசாரித்ததில், அக்கா நாள்தோறும் காலையில் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "வாயில்லா ஜீவன், இந்த வெயில்ல எப்படிடா தாங்கும்?" என்றார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பாலையில் செடிகள் தாகத்தால் சாவதைவிட, பிற ஊர்க்காரரின் இரக்கத்தால் சாவது அதிகம் என்று தோன்றியது. அந்த நகரங்களின் நூறாண்டு வரலாறும் ஏறக்குறைய அதுவே அன்றோ?

* * *

இங்கே நம் பக்கத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். சப்பாத்திக்கள்ளி நம் நிலத்துக்குரியதன்று; அமெரிக்கக் கண்டத்துச் செடி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கொச்சினியல் என்னும் செஞ்சாயப் பூச்சியை வளர்க்கும் நோக்கத்தில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது தரம் குறைந்த வகை. சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளி வகைகளோ நிலைத்துவிட்டன. தென்னிந்தியாவில் வயலும் மேய்ச்சல் நிலமும் புகுந்து பரவிய கள்ளியை, 1926-இல் இலங்கை வழியாக வந்த இன்னொரு கொச்சினியல் பூச்சியே அடக்கியது.

டூசானில் வீடுதோறும் நிழல் தரும் மெஸ்கீட் மரம், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அங்கே அதுவும் செவிலி மரம். காய் உணவு, பூ தேனீக்கு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இந்தியாவுக்கு வந்த அதன் உறவினம், இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் கண்மாய்களை மூடிக் கிடக்கிறது. இதற்கு மறுதலையாக, நம் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல் அமெரிக்காவில் 'பஃபெல் புல்' என்ற பெயர் பூண்டு, 1930-களில் கால்நடைத் தீவனத்துக்காக அரிசோனாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் உரிய அப்புல் இப்போது சவாரோக் காடுகளினூடே பரவி, முன்பு அங்கு அரிதாயிருந்த நெருப்பைக் கொண்டுவருகிறது. தீயறியாத சவாரோ எரிந்தால் மீள்வதில்லை. டூசானில் தன்னார்வலர்கள் கடப்பாரையுடன் மலையேறிக் கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்குகிறார்கள். நம்மூரில் பொக்லைன் வைத்துச் சீமைக்கருவேலத்தைப் பிடுங்குகிறோம். இரண்டுமே பராமரிப்பு வேண்டாத செடிகள் என்ற பெயரோடு பயணம் போனவை. ஆகவே, எளிதில் வளர்வது என்பது மட்டும் தகுதியாகாது. எங்கே வளர்வது என்பதே கேள்வி.

* * *

அக்காவின் வழக்குக்கு முடிவு என்னவாயிற்று? சமையலறைக் கதவை ஒட்டிய 'சோலை' அவருக்கு விடப்பட்டது. துளசி, மல்லிகை, கறிவேப்பிலை மூன்றும் தொட்டிகளில். குளிர்காலத்தில் உறைபனி வந்தால் வீட்டுக்குள் எடுத்துவிடலாம். ஓரமாக ஓர் எலுமிச்சை. துணி துவைத்த நீரைத் தோட்டத்துக்கு விட அரிசோனாவில் 2001 முதல் தனி அனுமதி தேவையில்லை. அந்நீர் எலுமிச்சைக்குப் போகிறது. அகதியாக வந்த செடிகளுக்கு வாசலருகே ஓர் இடம் கொடுத்து, மற்ற நிலத்தை அந்த நிலத்துக்கே விட்டுவிடும் இந்த ஏற்பாடு எங்களுக்கு நியாயமாகப் பட்டது. ஊரை விட்டுப் போனவர்கள் நினைவை வளர்க்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நினைவு அளவாக இருக்க வேண்டும்; அதற்காக ஓர் ஆற்றையே குடித்துவிடக் கூடாது.

புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாலை அக்கா பாலோ வெர்டே அடியில் நின்று அந்தச் சாண் உயரச் சவாரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்ப கை விடும்?" என்று கேட்டார். ஐம்பது அறுபது வருடம் ஆகலாம் என்றாள் மகள். அக்கா சிரித்தார். "தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான். இதை வச்சவ?" பேரன் பக்கத்தில் சரளையைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு, "சரி, இவன் பாப்பான்" என்றார்.

ஊர் திரும்பி, கல்லூரியும் திறந்தபின், ஜூலையில் ஒரு நாள் தொலைபேசி வந்தது. அங்கே முதல் மழை. நாங்கள் வெட்டிய பள்ளத்தில் நீர் நின்று, மறுநாளுக்குள் வடிந்துவிட்டதாம். கிரியோசோட் புதரின் இலை நனைந்ததும் எழும் மணத்தைத்தான் அவ்வூரார் மழைவாசம் என்பர். அக்கா சொன்னார்: "நம்ம ஊர் மண்வாசனை இல்லடா தம்பி, இது வேற. ஆனா நல்லாத்தான் இருக்கு."